விலையும் காட்சியும்: அமிர்தா ஷேர்-கில் ஓவியங்களின் விற்பனை, சேகரிப்பு, சட்டம்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய நவீன ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான அமிர்தா ஷேர்-கிலின் ஓவியங்கள், நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாத ‘கலைச் செல்வங்கள்’ என அரசால் அறிவிக்கப்பட்டவை. ஏற்றுமதித் தடை இருந்தும் அவற்றின் ஏல விலை 2006-க்கும் 2023-க்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு உயர்ந்துள்ளது. இவ்விலை உயர்வு எதை அளக்கிறது, எதை அளக்கத் தவறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் ஓவியம் இருக்கும் இடத்தைக் காத்தது. அதனைக் காணும் வாய்ப்பைக் காக்கவில்லை என்பதே இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அமிர்தா ஷேர்-கில், கலைச் சந்தை, கலைச் செல்வம், சேகரிப்பு, உடைமை வரலாறு, மறுவிற்பனைப் பங்குரிமை.

முன்னுரை

2023 செப்டம்பரில் புதுதில்லியில் சாஃப்ரன்ஆர்ட் நிறுவனம் நடத்திய ஏலத்தில், அமிர்தா ஷேர்-கில் 1937-இல் வரைந்த ‘கதைசொல்லி’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் எஸ்.எச். ரசாவின் ஓவியம் ஒன்று 51.75 கோடி ரூபாய் பெற்று, ஏலத்தில் மிக உயர்ந்த விலைபெற்ற இந்திய ஓவியம் என்னும் இடத்தை அடைந்திருந்தது. அவ்விடத்தை ஷேர்-கிலின் ஓவியம் உடனடியாகப் பறித்துக்கொண்டது. நாளிதழ்கள் இச்செய்தியை ஒரு வெற்றியாகவே எழுதின. தம் வாழ்நாளில் ஓவியங்களை விற்க அலைந்த ஒரு பெண் ஓவியர்க்குக் காலம் கடந்து கிடைத்த நீதியாக அது விளக்கப்பட்டது.

அவ்விளக்கம் முழுமையானதன்று. விலை என்பது விற்கப்படும் பொருளின் மதிப்பை மட்டும் பொறுத்து அமைவதில்லை. விற்பனைக்கு எவை வருகின்றன, எவை வருவதில்லை, வாங்கியவர் அதனை எங்கே கொண்டுசெல்ல முடியும், வாங்கிய பின் யார் காண முடியும் என்பனவும் விலையுள் அடங்கியுள்ளன. ஷேர்-கிலின் ஓவியங்களைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் அனைத்துக்கும் விடை ஒரு சட்டத்தோடு பிணைந்துள்ளது. எனவே ஓவியரின் வாழ்நாள் விற்பனை, அரசுச் சேகரம், சட்டம், ஏலம் என்னும் நான்கையும் ஒருசேர வைத்து நோக்குவது தேவையாகிறது.

வாழ்நாளில் விற்பனை

புடாபெஸ்டு நகரில் 1913 ஜனவரி 30 அன்று பிறந்து, லாகூரில் 1941 டிசம்பர் 5 அன்று தம் இருபத்தெட்டாம் வயதில் மறைந்தவர் அமிர்தா ஷேர்-கில். தந்தை உம்ராவ் சிங் ஷேர்-கில் பஞ்சாபின் மஜீட்டியா குடும்பத்தவர். தாய் மரி அந்துவானெத் ஹங்கேரியர். பாரிசில் பயின்றபோது வரைந்த ‘இளம் பெண்கள்’ என்னும் ஓவியம் 1933-இல் அந்நகரின் கலைக்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1934 இறுதியில் இந்தியா திரும்பிய பின் அவருக்குக் கிடைத்த வரவேற்பு அத்தகையதாக இல்லை.

1935-இல் சிம்லாவின் நுண்கலைச் சங்கம் அவர் அனுப்பிய ஓவியங்களுள் சிலவற்றைக் காட்சிக்கு ஏற்காமல் திருப்பி அனுப்பியது. ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்றுக்குப் பரிசு அளித்தது. அவர் அப்பரிசை ஏற்க மறுத்துவிட்டார். 1936 இறுதியில் தொடங்கிய தென்னாட்டுப் பயணத்தில் ஐதராபாத்தின் சாலார் ஜங்கிடம் விற்பனைக்கென ஓவியங்கள் சென்றன. வாங்கப்படாமல் திரும்பி வந்தன. மைசூர் அரசர் ஷேர்-கிலின் ஓவியங்களை விடுத்து ரவிவர்மாவின் ஓவியங்களைத் தேர்ந்துகொண்டார். இவ்விரு நிகழ்வுகளும் ஷேர்-கில் பற்றிய வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் இடம்பெறுபவை. சமஸ்தான மன்னர்களின் சுவையின்மைக்குச் சான்றாகவே அவை பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகின்றன.

இந்நிகழ்வுகளை வேறொரு கோணத்திலும் காணலாம். அக்காலத்தில் நவீன ஓவியத்துக்கென இந்தியாவில் நிலையான சந்தை இல்லை. தொழில்முறைக் கலைக்கூடங்களும் ஏலங்களும் ஓவியர்க்குத் துணைநிற்கும் நிலை உருவாகவில்லை. வாங்கக் கூடியவர்கள் மன்னர், பெருநிலக்கிழார், உயர் அலுவலர் ஆகியோர். ஆகவே ஓவிய விற்பனை என்பது புரவலரை நாடிச் செல்லும் பழைய முறையிலேயே நடந்தது. சங்க காலப் பரிசில் மரபை அறிந்தோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். தம்மை நேரில் காணாமல் அதியமான் தந்த பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றில் உள்ளது. அங்கே மறுக்கப்பட்டது பொருளன்று. புலமையை அறியாமல் தரும் கொடை மறுக்கப்பட்டது. சிம்லாப் பரிசை ஷேர்-கில் மறுத்ததும் அவ்வகையினதே. தம் ஓவியங்களுள் வலிமையானவற்றை விலக்கிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பரிசளிக்கும் அமைப்பு தம்மை அறிந்து பாராட்டுகிறது என்று அவரால் கருத இயலவில்லை.

வாங்குவோர் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. 1937-இல் பம்பாய்க் கலைச் சங்கம் ‘மூன்று பெண்கள்’ ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் லாகூரின் ஃபலெட்டீஸ் விடுதியில் நடைபெற்ற தனிக்காட்சி நல்ல வரவேற்பைப் பெற்றது. பம்பாயில் கார்ல் கண்டாலவாலா, லாகூரில் சார்லஸ் ஃபாப்ரி ஆகிய திறனாய்வாளர்கள் அவருக்கு ஆதரவாக எழுதினர். ஷேர்-கிலின் முதல் உண்மையான சேகரிப்பாளர் வட்டம் நண்பர்களும் திறனாய்வாளர்களும் உறவினரும் அடங்கியது. பின்னாளில் ஏலத்துக்கு வரும் ஓவியங்களின் உடைமை வரலாறு பெரும்பாலும் இவ்வட்டத்திலிருந்தே தொடங்குகிறது.

அரசுச் சேகரமும் எஞ்சியவையும்

ஷேர்-கிலின் ஓவியங்களாக ஆவணப்படுத்தப்பட்டவை சுமார் 172. நீண்ட வாழ்வும் ஓயாத உழைப்பும் உடைய எம்.எஃப். உசேன் போன்றோரின் படைப்புத் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. இவற்றுள் சுமார் நூறு ஓவியங்கள் புதுதில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. அவர் மறைவுக்குப் பின் தந்தையும் கணவர் விக்டர் ஏகனும் தம்மிடமிருந்த ஓவியங்களை அரசிடம் ஒப்படைத்தனர். 1954-இல் ஜெய்ப்பூர் இல்லத்தில் அக்கலைக்கூடம் திறக்கப்பட்டபோது அதன் அடிப்படைச் சேகரமாக அமைந்தவற்றுள் ஷேர்-கில் ஓவியங்கள் முதன்மையானவை. விடுதலை பெற்ற நாடு தன் நவீனக் கலை வரலாற்றை அவரிலிருந்து தொடங்க விரும்பியது என இதனைக் கொள்ளலாம்.

இதன் விளைவு ஒன்று திறனாய்வாளர் கவனத்துக்கு உரியது. ‘இளம் பெண்கள்’, ‘மூன்று பெண்கள்’, ‘அன்னை இந்தியா’, அஜந்தாவைக் கண்ட பின் வரைந்த ‘மணப்பெண் ஒப்பனை’, ‘பிரம்மசாரிகள்’ ஆகிய புகழ்பெற்ற ஓவியங்கள் இக்கலைக்கூடத்தில் உள்ளன. இவை ஒருபோதும் ஏலத்துக்கு வரப்போவதில்லை. பாடநூல்களும் கலை வரலாறுகளும் எந்த ஓவியங்களை வைத்து ஷேர்-கிலை மதிப்பிடுகின்றனவோ, அந்த ஓவியங்களைப் பற்றிச் சந்தை எதுவும் சொல்ல இயலாது. சந்தை பேசுவது எஞ்சியவற்றைப் பற்றி மட்டுமே.

எஞ்சியவற்றுள் பெருவிலை பெற்றவற்றை நோக்கினால் இது தெளிவாகும். 2006-இல் ஒசியன்ஸ் ஏலத்தில் 6.9 கோடி ரூபாய் பெற்ற ‘சிற்றூர்க் காட்சி’ 1938-இல் வரையப்பட்டது. 2021-இல் சாஃப்ரன்ஆர்ட் ஏலத்தில் 37.8 கோடி ரூபாய் பெற்ற ‘பெண்கள் முற்றத்தில்’ என்னும் ஓவியமும் 1938-ஐச் சேர்ந்தது. ‘கதைசொல்லி’ 1937-இல் வரையப்பட்டது. மூன்றும் தென்னாட்டுப் பயணத்துக்குப் பிந்தியவை. அஜந்தாவின் பெரிய உருவங்களும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களும் அவர் உள்ளத்தில் பதிந்திருந்த காலம் அது. கூடவே முகலாய, பஹாடிச் சிற்றோவியங்களின் வண்ண அடுக்கும் திறந்தவெளி அமைப்பும் அவர் கித்தானுக்குள் நுழையத் தொடங்கியிருந்தன. முந்தைய ஓவியங்களில் மனிதர்கள் அசைவற்ற சிலைகளைப் போல முன்னே நிற்பார்கள். இவற்றிலோ மனிதர்கள் சிறுத்து, முற்றமும் சுவரும் செடியும் விலங்கும் அவர்களுக்கு இணையான இடத்தைப் பெறுகின்றன. ‘கதைசொல்லி’யில் கதையைக் கேட்கும் பெண்கள் ஒருவரையொருவர் நோக்கி முகபாவங்களால் பேசுவதில்லை, அவர்களுக்கிடையே உள்ள வெளியும் வண்ணமுமே அந்த நண்பகல் ஓய்வை உணர்த்துகின்றன.

இவ்வோவியங்கள் சிறப்புடையவை என்பதில் ஐயமில்லை. சந்தை இவற்றின் மீது ஒளி பாய்ச்சியதால், முன்பு குறைவாகப் பேசப்பட்ட இக்காலகட்டம் ஆய்வாளர் கவனத்தைப் பெற்றுள்ளது. இது ஒரு நன்மையே. எனினும் ‘ஷேர்-கிலின் மிக உயர்ந்த படைப்பு’ என்று ஏல அட்டவணை கூறும்போது, அது விற்கக் கிடைப்பவற்றுள் உயர்ந்தது என்னும் பொருளையே தரும் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. விலைப்பட்டியலை ஓவியரின் வளர்ச்சிப் பாதையாகப் படிப்பது, அச்சேறாமல் எஞ்சிய ஏடுகளை மட்டும் வைத்து ஒரு புலவரின் முழுமையை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

1972-ஆம் ஆண்டுச் சட்டம்

தொன்மைப் பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய சிற்பம், ஓவியம் முதலியன இதன்படி தொன்மைப் பொருள்கள். அத்துணைப் பழமை இல்லாத ஒரு கலைப்படைப்பையும் அதன் கலைமதிப்புக் கருதி ‘கலைச் செல்வம்’ என மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கலாம். ஆனால் படைத்தவர் உயிரோடு இருக்கும்வரை அவ்வாறு அறிவித்தல் கூடாது. அறிவிக்கப்பட்டபின் மத்திய அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ தவிர வேறு எவரும் அப்படைப்பை ஏற்றுமதி செய்ய இயலாது.

1970-களில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட ஓவியர்கள் ஒன்பதின்மர்: ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், அபனீந்திரநாத் தாகூர், ககனேந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அமிர்தா ஷேர்-கில், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக். இவர்களுள் பெண் ஷேர்-கில் ஒருவரே. பாதித் தாய்வழி ஹங்கேரியரான அவரும், ரஷ்யாவில் பிறந்த ரோரிக்கும் இப்பட்டியலில் இடம்பெற்றமை, ‘நாட்டின் செல்வம்’ என்னும் கருத்து பிறப்பைக் கடந்து வகுக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. இது பாராட்டத் தக்கது.

சட்டத்தின் நோக்கம் தெளிவானது. வெளிநாட்டுச் செல்வர் வாங்கிச் செல்வதால் நாட்டின் கலை மரபு சிதறிவிடக் கூடாது என்பதே அது. சிலைத் திருட்டுகளை அறிந்த தமிழகத்துக்கு அந்நோக்கத்தின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் கோயிலிலிருந்து பெயர்க்கப்பட்ட செப்புத் திருமேனிக்கும், விற்பதற்கென்றே ஓவியர் வரைந்த கித்தானுக்கும் வேறுபாடு உண்டு. முன்னதற்கு உரிய இடம் ஒன்று இருந்தது. அதிலிருந்து அகற்றுவதே குற்றம். பின்னதற்கு அப்படிப்பட்ட இடம் இல்லை. அது ஒரு வீட்டுச் சுவரிலிருந்து மற்றொரு வீட்டுச் சுவருக்குச் செல்லவே பிறந்தது. அதனை நாட்டெல்லைக்குள் நிறுத்திவிட்டால் மட்டும் பொதுமக்களுக்கு உரியதாகிவிடாது.

இச்சட்டம் ஓவியங்களை இருவகையாகப் பிரித்தது. 1976-இல் இந்தியாவுக்குள் இருந்தவை உள்நாட்டிலேயே கைமாற வேண்டியவை. பாரிசிலும் ஹங்கேரியிலும் நண்பர், உறவினர் வீடுகளில் தங்கிவிட்டவை உலகச் சந்தையில் விற்கக் கூடியவை. 2015-இல் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலத்தில் ஷேர்-கிலின் தன்னுருவ ஓவியம் ஒன்று 29 லட்சம் டாலருக்கு மேல் விலைபெற்றது இவ்வகையில்தான். அவ்வாறு வெளியே உள்ள ஓவியத்தை வாங்கியவர் இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பிறகு வெளியே எடுத்துச்செல்வது எளிதன்று. ஆகவே உள்ளிருப்பதை வெளியே விடாத அதே வேலி, வெளியிலிருப்பது உள்ளே வரவும் தயக்கத்தை உண்டாக்குகிறது.

வேலியும் விலையும்

ஏற்றுமதித் தடை விலையைக் குறைக்க வேண்டும் என்பது பொதுவான பொருளியல் எதிர்பார்ப்பு. வாங்குவோர் ஒரு நாட்டுக்குள் மட்டும் இருந்தால் போட்டி குறையும். போட்டி குறைந்தால் விலை குறையும். ஷேர்-கில் ஓவியங்களின் வரலாறு இதற்கு மாறாக உள்ளது. 2006-இல் 6.9 கோடி, 2018-இல் மும்பையில் சோத்பீஸ் நடத்திய ஏலத்தில் ‘நீல உடைச் சிறுமி’க்கு 18.69 கோடி, 2021-இல் 37.8 கோடி, 2023-இல் 61.8 கோடி என்று உள்நாட்டு விலைகளே உயர்ந்து சென்றன. வெளிநாட்டில் தடையின்றி விற்கப்பட்டவை இந்த உச்சத்தை எட்டவில்லை.

இதற்குரிய காரணங்கள் மூன்று. முதலாவது, உள்நாட்டில் புதிதாகப் பெருகிய செல்வம். நவீன ஓவியத்தை முதலீடாகவும் மதிப்பின் அடையாளமாகவும் கருதும் ஒரு வகுப்பு 2000-க்குப் பின் உருவாயிற்று. 2005-இல் தையப் மேத்தாவின் ‘மகிஷாசுரன்’ நியூயார்க்கில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதன் தொடக்கக் குறி. இரண்டாவது, தனியார் கையில் எஞ்சிய ஓவியங்களின் அருமை. மொத்தத்தில் பெரும்பகுதி அரசிடம் சென்றுவிட்ட நிலையில், ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வெளிவரும் ஓவியத்துக்காகப் போட்டியிடுபவர், அடுத்த வாய்ப்பு தம் வாழ்நாளில் வராமற் போகலாம் என்பதை அறிவர். மூன்றாவது காரணமே சிந்திக்கத் தக்கது. சட்டத்தின் அறிவிப்பே ஒரு விற்பனைச் சான்றாக மாறிவிட்டது. ‘ஏற்றுமதி செய்ய இயலாத தேசியக் கலைச் செல்வம்’ என்னும் குறிப்பு ஏல அட்டவணைகளில் எச்சரிக்கையாக அச்சிடப்படுகிறது; படிப்பவர் அதனைப் பாராட்டாக ஏற்கிறார். சந்தையின் பிடியிலிருந்து காக்க எழுந்த வேலியைச் சந்தை தன் தோரண வாயிலாக ஆக்கிக்கொண்டது.

உசேனின் ஓர் ஓவியத்தோடு ஒப்பிடுவது இதனை மேலும் விளக்கும். 1954-இல் அவர் வரைந்த, ‘கிராம யாத்திரை’ எனக் குறிக்கப்படும், ஏறத்தாழ பதினான்கு அடி அகலமுள்ள ஓவியத்தை அப்போது தில்லியிலிருந்த நார்வே மருத்துவர் ஒருவர் வாங்கிச் சென்றார். 1964-இல் அது ஆஸ்லோவின் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அவரால் வழங்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்த அவ்வோவியம் 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் விலைபெற்றது. ரூபாயில் அது நூறு கோடியைத் தாண்டும். உசேன் 2011-இல் மறையும்வரை அவர் படைப்பைக் கலைச் செல்வமாக அறிவிக்கச் சட்டமே இடம் தரவில்லை. அதன் பின்னும் ஒன்பதின்மர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வேலி இல்லாத ஓவியமும் பெருவிலை பெறும் என்பதற்கு இது சான்று. எனவே அறிவிப்பு மட்டுமே விலையை உயர்த்தியது என்று கூறுவது பொருந்தாது. அறிவிப்பு விலையைத் தடுக்கவில்லை. சில நேரங்களில் துணைநின்றது என்று கூறுவதே பொருந்தும்.

இவ்விரு ஓவியங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஆஸ்லோவில் இருந்த உசேனின் ஓவியத்தை இந்தியர் பெரும்பாலோர் கண்டதில்லை. இந்தியாவுக்குள்ளேயே தனியார் வீடுகளில் இருந்த ஷேர்-கிலின் ஓவியங்களையும் இந்தியர் பெரும்பாலோர் கண்டதில்லை. நாட்டுக்குள் இருப்பது காட்சிக்கு இருப்பதாகிவிடாது.

படைத்தவர்க்கும் பார்ப்பவர்க்கும் உரிய பங்கு

விலை இத்துணை உயரும்போது அதில் யாருக்குப் பங்கு என்னும் வினா எழுகிறது. பிரான்சு 1920-இலேயே மறுவிற்பனையில் ஓவியர்க்குப் பங்கு தரும் சட்டத்தை இயற்றியது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட 53-அ பிரிவு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் படைத்தவர்க்கோ அவர்தம் மரபுரிமையர்க்கோ பத்து விழுக்காட்டுக்கு மிகாத பங்கை உறுதிசெய்கிறது. பதிப்புரிமைக் காலம் முடிந்தால் இவ்வுரிமையும் முடியும். ஷேர்-கில் மறைந்தது 1941. மறைவுக்குப் பின் அறுபது ஆண்டு என்னும் கணக்கின்படி 2001 இறுதியோடு அது முடிந்துவிட்டது. 6.9 கோடியிலிருந்து 61.8 கோடி வரையிலான பெருவிலைகள் யாவும் அவ்வுரிமை முடிந்த பிறகே வந்தன. இளமையில் மறைந்த, காலம் தாழ்ந்து ஏற்கப்பட்ட ஓவியர்க்கு இப்பிரிவு எவ்வகையிலும் உதவாது என்பதை ஷேர்-கிலின் நிலை காட்டுகிறது.

பதிப்புரிமை முடிந்ததால் பார்ப்பவர்க்கு நன்மை உண்டு. ஓவியத்தின் படத்தை எவரும் அச்சிடலாம், பாடநூலில் சேர்க்கலாம், ஆராயலாம். ஆனால் அச்சிடுவதற்குத் தரமான ஒளிப்படம் வேண்டும். அதனை எடுக்க ஓவியத்தின் முன் நிற்க வேண்டும். தனியார் உடைமையில் உள்ள ஓவியத்தின் முன் நிற்கும் வாய்ப்பு ஏலத்துக்கு முந்தைய சில நாள் காட்சியில் மட்டுமே கிடைக்கிறது. அதன் பின் ஆய்வாளர்க்கு எஞ்சுவது ஏல அட்டவணையில் உள்ள படமே. ஷேர்-கில் பற்றிய ஆய்வு இன்று ஓரளவு விற்பனை அட்டவணைகளைச் சார்ந்து நிற்பதன் காரணம் இதுவே.

ரவிவர்மாவோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு புலப்படும். இருவர்தம் ஓவியங்களும் கலைச் செல்வங்கள். ஆனால் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தம் ஓவியங்களை வண்ண அச்சுப் படங்களாகப் பரப்பினார். அவர் வரைந்த திருமகளும் கலைமகளும் தமிழ் வீடுகளின் பூசையறை வரை வந்து சேர்ந்தனர். அவர்தம் மூல ஓவியங்கள் சிலவற்றை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தமிழர் கண்டுள்ளனர். ரவிவர்மாவின் கித்தான் பூட்டிய அறைக்குள் இருந்தாலும் அதன் உருவம் மக்களிடையே உலவுகிறது. ஷேர்-கில் வரைந்த தென்னாட்டு மனிதர்களின் உருவங்களோ தென்னாட்டுக்கே அறிமுகமாகவில்லை. மைசூர் அரசரின் தேர்வு இன்றும் ஒருவகையில் தொடர்கிறது.

சட்டத்தில் தீர்வுக்கான வழிகள் இல்லாமல் இல்லை. கலைச் செல்வத்தைப் பொதுநலன் கருதி இழப்பீடு தந்து கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசுக்கு அளிக்கிறது. கண்காட்சிக்காக ஓவியங்களைத் தற்காலிகமாக அயல்நாட்டுக்கு அனுப்பவும் அரசால் இயலும். 2006-இல் மியூனிக்கிலும் 2007-இல் லண்டன் டேட் மாடர்னிலும் ஷேர்-கிலின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் பதிவு செய்யும் கடமையைப் பற்றிப் பேசும் பிரிவு தொன்மைப் பொருள்களையே குறிக்கிறது. கலைச் செல்வத்தின் உடைமையாளர் யார், அது எந்நிலையில் உள்ளது என்பதற்குப் பொதுப் பதிவேடு வேண்டும் என்று சட்டம் கோரவில்லை. 1937-இல் வரையப்பட்ட ஓவியங்கள் 2037-இல் நூறாண்டு நிறைந்து தொன்மைப் பொருள் என்னும் வரையறைக்குள் வரும். பதிவு பற்றிய கேள்வி அப்போது தானாகவே எழும். அதுவரை காத்திருப்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

தனியார் சேகரிப்பாளர்களைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. மன்னர்கள் திருப்பியனுப்பிய ஓவியங்களை வாங்கிப் பேணியவர்கள் தனிமனிதர்களே. 2010-இல் தில்லியில் தொடங்கப்பட்ட கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் போன்றவை தனியார் சேகரத்தைப் பொதுக்காட்சிக்குத் திறந்துவைத்துள்ளன. அரசுக் கலைக்கூடம் ஏலத்தில் போட்டியிட இயலாத விலையில், இத்தகைய அமைப்புகளே ஓவியம் மீண்டும் மறைந்துபோகாமல் காக்கின்றன. ஆனால் திறந்துவைப்பதும் மூடிவைப்பதும் உடைமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தனவாக இருக்கும்வரை, ‘நாட்டின் செல்வம்’ என்னும் சொல்லில் நாட்டுக்கு உள்ள பங்கு ஏட்டளவில்தான் இருக்கும்.

முடிவுரை

ஷேர்-கில் ஓவியங்களின் விற்பனை வரலாறு மூன்று கட்டங்களை உடையது. வாழ்நாளில் அவற்றுக்குச் சந்தை இல்லை. மறைவுக்குப் பின் பெரும்பகுதி அரசுச் சேகரமாயிற்று. எஞ்சியவை சட்டத்தின் வேலிக்குள் அருமைப் பொருளாகிப் பெருவிலை பெற்றன. இவ்விலை அவர் ஓவியத்தின் தரத்தை அளப்பதைவிட, கிடைப்பவற்றின் குறைவையும் உள்நாட்டுச் செல்வத்தின் பெருக்கத்தையும் அளக்கிறது. புகழ்பெற்ற ஓவியங்கள் சந்தைக்கே வராத நிலையில், விலையை வைத்துப் படைப்புகளைத் தரப்படுத்துவது பிழையான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும்.

ஏற்றுமதித் தடை நீக்கப்பட வேண்டும் என்பது இவ்வாய்வின் கருத்தன்று. தடையோடு காட்சிக் கடமையும் இணைய வேண்டும். கலைச் செல்வங்களுக்கான பொதுப் பதிவேடு, தரமான ஒளிப்படத் தொகுப்பு, குறிப்பிட்ட கால இடைவெளியில் பொதுக் கலைக்கூடங்களுக்குக் காட்சிக்கு வழங்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் உடைமையாளரின் உரிமையைப் பறிக்காமலேயே செய்யத் தக்கவை. தேசிய நவீனக் கலைக்கூடமும் தன்னிடமுள்ள ஷேர்-கில் ஓவியங்களைத் தில்லிக்கு வெளியே, குறிப்பாக அவர் பயணம் செய்து வரைபொருள் பெற்ற தென்னாட்டில், காட்சிக்கு வைத்தல் நன்று. 61.8 கோடி கொடுத்து ஒருவர் வாங்கிய ‘கதைசொல்லி’யைக் கேட்க ஒரு கூட்டம் வேண்டும். அக்கூட்டத்தை ஓவியத்தின் முன் கொண்டுவந்து அமர்த்தும் பொறுப்பு ஏலக்கூடத்துக்கு இல்லை. அதனைச் செல்வம் என்று அறிவித்த அரசுக்கும் அதனை ஆராயும் கல்வியுலகுக்கும் உண்டு.